சோடாவின் ரத்தம்

டிப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று புரியாது. சோடா என்றால்தான் தெரியும். சக டிரைவர்கள் வைத்த பேர். யாருக்காவது பதவி உயர்வு, யாருக்காவது ஓய்வு என்று எந்த விருந்து நடந்தாலும், மற்றவர்கள் கிளாஸை நிரப்பிக்கொள்ளும்போது இவர் ஒரு சோடாவை உடைத்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கடலை கொறிப்பார். விருந்து முடிந்ததும் கால் நிற்காதவர்களை ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறார். பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றுகூட உடைந்ததில்லை.

குடிக்காததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. அவருடைய அப்பா குடித்தார், அவ்வளவுதான். வீட்டிலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதை அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்தே பார்த்து வளர்ந்தார்கள். அப்பா போன பிறகு அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதேயில்லை. தம்பி சத்தமில்லாமல் சோடாவோடு நிறுத்திக்கொண்டார். அக்கா சத்தம் போடும் ரகம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஆனாள். வருஷம் தவறாமல் மதுவின் தீமைகள் என்று மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பாள். முதல் பரிசுக் கட்டுரையைத் தானே மேடையேறி முழுக்க வாசித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

அந்த வருஷம் டிரைவர்களின் உடல் பரிசோதனை முடிந்து பத்து நாள் கழித்து, மேனேஜர் அவரை அறைக்கு வரச் சொன்னார். உள்ளே போனதும் முழுப் பெயர் சொல்லி உட்காரச் சொன்னார். 

"ரிப்போர்ட் வந்திருக்கு. இந்த வருஷம் ரத்தத்துல ஒரு டெஸ்ட் புதுசா சேத்திருக்காங்க. நேத்து குடிச்சத இல்ல, வாரக்கணக்குல விடாம குடிக்கறவங்களக் கண்டுபிடிக்கற டெஸ்ட்."

"சரிங்க சார்."

"அதுல உங்களுக்கு நாப்பத்தாறு."

"எத்தனைக்கு நாப்பத்தாறு?"

"நூத்துக்கு. மூணத் தாண்டினாலே ஸ்டியரிங்கத் தொடக் கூடாதுங்கறது விதி."

சோடா சிரித்துவிட்டார். "வேற யாரோட ரத்தமோ மாறியிருக்கும் சார்."

"நானும் அதத்தான் சொன்னேன். திரும்பப் பாக்கச் சொன்னேன். அதே நாப்பத்தாறு." மேனேஜர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவருடைய பதவி உயர்வு விருந்தன்று அவரைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டதும் இதே சோடாதான். "முப்பது நாள் இருக்கு. வெளிய வேற எங்கயாவது இன்னொரு டெஸ்ட் எடுத்துக் குடுக்கலாம். அதப் பாத்துட்டு கமிட்டி முடிவு பண்ணும். அது வரைக்கும் வண்டிச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

விஷயம் மதியத்துக்குள் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. அவரைக் கொதிக்க வைத்தது கேலி அல்ல, புதிதாக முளைத்த மரியாதை. "இருபத்திரண்டு வருஷமா எங்க கண்ணுல மண்ணத் தூவியிருக்கியே மச்சான், பெரிய ஆளுய்யா நீ!" என்று ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். இன்னொருவன் ரகசியமாகக் காதோடு, "சோடாவுல எது கலந்தா வாசன வராது? எனக்கு மட்டும் சொல்லு," என்று கேட்டான்.

அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவள். சொன்னதும் மிதியை நிறுத்தினாள். "தப்பா வந்திருக்கும், விடுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினாள். ஆனால் அன்று தைத்ததில் ஒரு காலர் கோணலாகப் போயிற்று. மூன்றாம் நாள் காலை அவர் குளித்துவிட்டு வரும்போது, தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூக்கருகில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவரைப் பார்த்ததும் பதறி மூடினாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஒருவேள... மனசு சரியில்லாதப்ப, எப்பவாவது..."

"இத்தன வருஷமா உன் பக்கத்துலதான படுத்துத் தூங்கறேன்?"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியல. மெஷின் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

 சட்டையைப் போட்டுக்கொண்டு, போவதற்கு வேலை இல்லாவிட்டாலும், வெளியே கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றியவள் உட்காரக்கூட இல்லை.

"ஊதுடா."

"அக்கா..."

"ஊதுன்னா ஊது."

ஐம்பத்தோரு வயது மனிதர் தன் அக்காவின் முகத்துக்கு நேரே வாயைக் குவித்து ஊதினார்.

"வாசன இல்ல. அப்பாவும் பெப்பர்மின்ட்ட மென்னுட்டுதான் உள்ள வருவார்." அவள் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள். "அவர் ரத்தம்தான? எங்க போகும்?"

தம்பிக்கு மனைவி பாட்டிலை மோந்து பார்த்தது வலித்ததுதான். இது அதைவிட ஆழத்தில் போய்த் தைத்தது.

மறுநாள் காலையிலேயே ஊரின் பெரிய மருத்துவமனைக்குப் போனார். ரத்தம் எடுக்கும் கவுண்டரில் இருந்தவர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். "இது இங்க இல்ல. கீழ்த்தளத்துல கடைசி ரூம். சர்க்கரை மேடத்தப் பாருங்க."

கடைசி அறைக் கதவில் 'சர்க்கரைச் சங்கிலி ஆய்வகம்' என்று பலகை இருந்தது. அதற்குக் கீழே கையால் எழுதி ஒட்டிய தாள்: 'நீரிழிவுக்கு இங்கே மருந்து தருவதில்லை. முதல் மாடிக்குச் செல்லவும்.' உள்ளே ஆளை நடுக்கும் குளிர். இயந்திரங்களுக்காக வைத்த குளிர் அது. நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் சின்னச் சின்னக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு சுகரெல்லாம் இல்லைங்க," என்று வாசலிலேயே ஆரம்பித்தார் சோடா.

"தெரியுது. சுகர் இருக்கறவங்க யாரும் அந்தச் சீட்டப் படிக்கறதில்ல. நேரா உள்ள வந்து விரல நீட்டுவாங்க."

மேடம் பார்க்கும் சர்க்கரை வேறு. நம் உடம்பின் புரதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், மரத்தில் கிளை விட்டாற்போல், மேலே சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம், கண்ணீர், எச்சில், சிறுநீர், தாய்ப்பால் என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதிலிருக்கும் புரதத்தைப் பிரித்து, அதன் மேலிருக்கும் சங்கிலி முழுசா குறையா, எந்தக் கிளை முறிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவருடைய இருபது வருஷத் தொழில். சில குழந்தைகளின் பிறவிக் கோளாறுகூட இதில்தான் பிடிபடும். சொந்தக்காரர்களிடம் இதை விளக்கி அலுத்துப்போய், "லேப்ல இருக்கேன்," என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. "நாப்பத்தாறா?"

"ஆமாங்க."

"பதினஞ்சு வந்தவங்களையே ஸ்ட்ரெச்சர்ல வச்சுத்தான் தள்ளிட்டு வருவாங்க. நீங்க படி எறங்கி மூச்சு வாங்காம வந்து நிக்கறீங்க." பக்கத்தைத் திருப்பினார். "ஈரல் ரிப்போர்ட் பச்சக் கொழந்தைக்கு இருக்கற மாதிரி இருக்கு."

சோடாவுக்கு எட்டு நாளில் முதல் தடவையாக ஒருவர் தன் பக்கம் சாய்வது போலிருந்தது. "அப்ப நான் குடிக்கலன்னு நம்பறீங்களா மேடம்?"

"நான் நம்பி என்ன ஆகப்போகுது? கைய நீட்டுங்க."

வியாழக்கிழமை திரும்ப வரச் சொன்னார். அந்த மூன்று நாளும் மேடத்துக்கு மற்ற வேலைகளில் மனம் ஒட்டவில்லை. முதல் நாள் மாலையே திரையில் கோடு ஓடி முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாதாரண மனிதருக்கு ஒரு பெரிய முகடு வரும், பக்கத்தில் சின்ன மேடுகள். குடிப்பவருக்குப் பெரிய முகட்டுக்கு முன்னால் ஒரு மேடு வீங்கி நிற்கும். இங்கே ஒரே உயரத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல் இரண்டு முகடுகள். பார்த்தவுடன் அவருக்கு என்னவென்று பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் மீதிப் பாதியைப் பார்க்காமல் வாயைத் திறக்கிற ஆள் இல்லை அவர்.

வியாழக்கிழமை சோடாவோடு அவர் மனைவியும் வந்தாள். அவர் அழைக்கவில்லை. தைக்க வேண்டியதை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.

மேடம் இருவரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். "நீங்க பஸ் ஓட்டறவர்தான? அந்த வழியிலயே சொல்றேன். ரத்தத்துல இரும்பச் சுமந்துட்டுப் போற புரதம் ஒண்ணு இருக்கு. அதுங்க பயணிங்கன்னு வச்சுக்குங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பை. அந்தப் பைதான் சர்க்கரைச் சங்கிலி. ரொம்ப நாளாக் குடிச்சா ஈரல் தடுமாறிப் போய், ஒரு பையோட, இல்ல வெறுங்கையோட ஆளுங்கள அனுப்பிடும். பை கொறஞ்சவங்க சீக்கிரமே எறங்கிடுவாங்க. உங்களுக்கு டிப்போல பாத்தாங்களே, அந்த டெஸ்ட் பையெல்லாம் பாக்காது. முன்னாலயே எறங்கினவங்க எத்தன பேர்னு எண்ணிக்கிட்டு, அத்தன பேரும் குடியால வந்தவங்கன்னு எழுதிடும்."

"என் ஆளுங்க முன்னாலயே எறங்கறாங்களா?"

"கிட்டத்தட்ட பாதிப் பேர். ஆனா ரெண்டு கையிலயும் பை இருக்கு."

"பை இருந்தா எதுக்கு முன்னால எறங்கறான்?"

"ஆளே கொஞ்சம் வேற. அந்தப் புரதத்துல ஒரு சின்ன மாத்தம், பொறந்ததுலேருந்தே. அதான் வழுக்கிட்டு முன்னால வந்துடறான்."

மனைவி முன்னால் சாய்ந்தாள். "எப்படிங்க உறுதியாச் சொல்றீங்க?"

அந்தக் கேள்வி மேடத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்தார். "சங்கிலி நுனிய மட்டும் வெட்டற மருந்து ஒண்ணு இருக்கு. உங்க கத்திரி மாதிரின்னு வைங்க. எல்லாப் பையையும் காலி பண்ணிட்டேன். வித்தியாசம் பையில இருந்திருந்தா, இப்ப எல்லாரும் ஒண்ணாயிருக்கணும், ஒரே எடத்துல எறங்கணும். பாருங்க, இன்னும் ரெண்டாத்தான் நிக்குது. அப்ப வித்தியாசம் ஆள்லதான் இருக்கு. போதாதுன்னு சங்கிலிய மட்டும் தனியாக் கழட்டி எடை போட்டும் பாத்துட்டேன். ஒண்ணுகூடக் கொறையல."

சோடா இரண்டு முகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நோயா மேடம்?"

"மச்சம் மாதிரி. இருக்கும், அவ்வளவுதான். ஒண்ணும் பண்ணாது."

அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள் இருந்த குளிரில் வேர்க்க வாய்ப்பே இல்லை.

கமிட்டிக்குக் கடிதம் எழுதித் தருவதாக மேடம் சொன்னார். "ஆனா பிறவியிலயே உள்ளதுன்னு எழுதினா, அதுக்கு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. ரத்த சொந்தத்துல இன்னொருத்தருக்கும் இருந்தா அப்புறம் பேச்சே இல்ல. அம்மா, அப்பா?"

"ரெண்டு பேரும் இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா," என்று இழுத்தார்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."

"அத விடுங்க மேடம். அவ வரணுமே."

அன்று மதியமே அவர் மனைவி தனியாக அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில், வகுப்பில் சண்டை போட்டு அனுப்பப்பட்ட இரண்டு சிறுமிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காத்திருந்தாள். முறை வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நான் அவரச் சந்தேகப்பட்டேன். தண்ணி பாட்டில மோந்து பாத்தேன். நெனச்சா எனக்கே கூசுது. நீங்க கொஞ்சம் ரத்தம் குடுக்கணும்." கேட்டதையெல்லாம், பை, கத்திரி, மச்சம் எதையும் விடாமல் சொன்னாள்.

அக்கா மேசை விளிம்பைத் தடவினாள். "எனக்கு இல்லன்னு வந்துட்டா?"

"வந்தா வரட்டும்."

"அப்ப அவன் மாட்டிக்குவானே. நானே அவன மாட்டி விட்ட மாதிரி ஆயிடாதா?" தலைமையாசிரியையின் குரல் முதல் முறையாகச் சின்னதாகிவிட்டது. "அன்னிக்கு வந்து என்ன பேச்சுப் பேசிட்டுப் போனேன் தெரியுமா? அன்னியிலேருந்து சாப்பாடு எறங்கல எனக்கு."

"அந்த மேடம் ஏற்கெனவே அவர் பக்கம் எழுதிக் குடுக்கறதாத்தான் சொல்லியிருக்காங்க. நீங்க வந்தா இன்னும் பலம், அவ்வளவுதான் அண்ணி."

அக்கா எழுந்து கைப்பையை எடுத்தாள். அரைகுறையாக எதையும் செய்து பழக்கமில்லாதவள். மருத்துவமனையில் மேடத்திடம் ரத்தம் கொடுத்ததோடு நிற்காமல், அங்கிருந்து நேராக டிப்போவுக்கு டெஸ்ட் எடுத்த அதே சுகாதார நிலையத்துக்கும் போனாள். "என் தம்பிக்குப் பண்ணினது எதுவோ அதையே எனக்கும் பண்ணுங்க," என்று கையை நீட்டிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை அந்த நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. போனாள். நர்ஸ் அவளைத் தனியறைக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.

"டீச்சர், என்னத் தெரியுதா? உங்க ஸ்கூல்தான் நான்."

"தெரியலையேம்மா."

"உங்க கட்டுரைப் போட்டியில ரெண்டாம் பரிசு வாங்கியிருக்கேன் டீச்சர்." நர்ஸின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு உறையையும், குடியிலிருந்து மீள்வது எப்படி என்ற துண்டுப் பிரசுரத்தையும் மேசைக்குக் கீழாக நீட்டினாள். "உதவி கேக்கறதுல வெக்கமே இல்ல டீச்சர். நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

அக்கா உறையைப் பிரித்தாள். நாற்பத்தெட்டு.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரொம்ப முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நர்ஸ் இன்னும் பயந்தாள். அவளைச் சமாதானப்படுத்தி, பையையும் கத்திரியையும் மச்சத்தையும் இவள் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நிலையத்தின் வாசலில் நின்றே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய்! உன்னவிட ரெண்டு மார்க் கூடடா நான்!"

"அக்கா?"

"நாப்பத்தெட்டுடா! ஊர்லயே பெரிய குடிகாரி நான்தான்!" சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். "தம்பி, அன்னிக்குப் பேசினத மனசுல வச்சுக்காதடா."

"என்ன பேசின? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றார் சோடா. பொய்தான். இருவருக்கும் தெரியும்.

மேடத்தின் இயந்திரமும் அதையே சொன்னது. அக்காவின் கோட்டிலும் அதே இரட்டை முகடுகள், அதே இடத்தில். இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் மேடம். எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அக்கா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது எங்க அப்பாகிட்டயிருந்து வந்ததா மேடம்?"

"அப்பாவா இருக்கலாம், அம்மாவா இருக்கலாம். அவங்க ரத்தம் இல்லாம சொல்ல முடியாது."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மான்னே வச்சுக்குவோம்டா," என்றாள் அக்கா.

தம்பி கொஞ்சம் யோசித்தார். "அப்பாவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்க்கா. பாவம், அவர்கிட்டயிருந்து வேற என்ன வந்துச்சு நமக்கு?"

அக்கா தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள், அது சரியாகத்தான் இருந்தது என்றாலும்.

கமிட்டி கூடியது ஒரு புதன்கிழமை. மேடத்தின் கடிதத்தைக் கமிட்டி டாக்டர் படித்துக்கொண்டிருக்கும்போதே, அழைக்காமல் உள்ளே நுழைந்த அக்கா தன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள். "முப்பது வருஷமா மதுவிலக்குக் கூட்டம் நடத்தறவ நான். உங்க டெஸ்ட்படி தெனமும் ரெண்டு பாட்டில் அடிக்கறேன். எனக்கு என்ன தண்டன? சொல்லுங்க, நின்னே கேட்டுக்கறேன்." டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் கடிதத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இனி அளவு தாண்டி வரும் எந்த ரத்தத்தையும் கீழ்த்தளத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த பேச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். "நாளைக்குக் காலைல முதல் வண்டி," என்றார்.

அடுத்த மாதம் அப்படி மூன்று பேருடைய ரத்தம் மேடத்திடம் வந்தது. ஆசையோடு ஓட்டிப் பார்த்தார். மூன்று பேரும் நிஜமாகவே குடித்தவர்கள். "உங்கள மாதிரி இன்னொருத்தர் கெடைக்கலையே," என்று போனில் சோடாவிடம் குறைபட்டுக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று டிப்போவில் கை குலுக்கியவர்கள் எல்லாம் திரும்பக் கை குலுக்கினார்கள். கலப்படம் கேட்டவன் மட்டும் முகத்தில் ஏமாற்றத்தோடு நின்றான். சோடா இருக்கையைத் தன் உயரத்துக்குத் தள்ளி வைத்து, கண்ணாடிகளைத் திருப்பிச் சரிசெய்து, வண்டியைக் கிளப்பினார். மூன்றாவது நிறுத்தத்தில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலை இல்லாமல் அவள் இந்தப் பேருந்தில் ஏறியதில்லை. அன்று கையில் பைகூட இல்லை. ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில், ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்கயும் இல்ல. சும்மாதான்."

கண்டக்டர் முன்னால் பார்த்தார். கண்ணாடியில் டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கடைசி நிறுத்தம் வரை போனார்கள். அங்கே பத்து நிமிஷம் நின்றபோது கடையில் இரண்டு டீ வாங்கி, வண்டியின் நிழலில் நின்று குடித்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று ஒரு காலர் கோணலாகப் போனதை அவள் சொன்னாள். பிரித்துத் தைக்க வேண்டுமாம். திரும்பும்போது காற்று இதமாக அடிக்க, அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். சோடா ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக்கை மெதுவாக, மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தார்.